ஏலக்காய் மேஜையில் ஜப்பான் கதை

ஏலக்காய் பொறுக்குகிற வேலையில் கண்ணுக்கும் கைக்கும்தான் சோலி, வாய்க்கு ஒரு சோலியும் கிடையாது. அதனால்தான் போடியில் காய் அடுக்கிப் பிரிக்கிற கிட்டங்கி எல்லாவற்றிலும் ஊர்ப் புறணி கொடிகட்டிப் பறக்கும். எங்கள் கிட்டங்கியில் மட்டும் நாலு வருஷமாக ஜப்பான் கதை ஓடியது. ஓட்டியவள் நான், சுமதி.

மங்கா படிக்கிற சகபாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். அந்த ஜப்பான் படக்கதையில் ஒரு வால்யூம் முடித்தவுடன் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசாவிட்டால் சோறு இறங்காது. நீங்கள் பெரிய ஊரில் இருந்தால் நாலு பேர் கூடி டீக்கடையில் உட்கார்ந்து பேசுவீர்கள். நான் போடிநாயக்கனூரில் ரெண்டு பிள்ளை பெற்றவள், பி.காம். படித்துவிட்டுக் காய் பொறுக்கப் போகிறவள், முப்பத்தாறு வயசு. செல்போனில் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். "நேத்து ஒரு படக்கதை படிச்சேன், மனசே சரியில்ல" என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? புருஷனிடம்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு இப்ப என்ன, மோட்டார் போடவா?" என்றார். அதோடு வீட்டில் சொல்வதை விட்டேன்.

கீழே இருப்பதில் பாதி சிரிக்கிற சங்கதிதான். மீதி அப்படி இல்லை. இருந்தாலும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

பந்து விழவே இல்லை

எங்கள் மேஜையில் எட்டுப் பொம்பளைகள். நடுவில் காய்க் குவியல். வெடித்த காய் ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், நல்ல பச்சை மட்டும் அவரவர் சொளகில். செல்போன் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு கூடை வைத்திருப்பார்கள், அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, முக்கால்வாசி படத்திலேயே நடக்கிற கதையை, படம் காட்டாமல் வாயாலேயே சொல்ல வேண்டும். இந்தக் கஷ்டம் உங்களுக்கு வந்திருக்காது.

முதலில் எடுத்துவிட்டது ஒரு வாலிபால் கதை. விளையாட்டு மங்கா எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருத்தன் பந்தைத் தூக்கிப் போடுவான். அது கீழே வருவதற்குள் அவன் ஆறாம் வகுப்பில் தோற்று அழுதது வரும், அவன் அப்பா வேலை போய் உட்கார்ந்தது வரும், எதிர்ப்பக்கம் நிற்கிறவன் மனசுக்குள் நாலு பக்கம் பேசுவான். நான் ஒன்றையும் விடாமல் விசுவாசமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ராசிங்காபுரத்திலிருந்து முதல் பஸ்சில் வருகிற பாண்டியம்மாக்காதான் எங்கள் மேஜையிலேயே வேகமான கை. ஐம்பதைத் தாண்டியவள். வேலையில் தலை நிமிராதவள் அன்றைக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏத்தா, பந்து இன்னும் மேலதான நிக்குது? நான் போயி டீ குடிச்சிட்டு வந்துர்றேன், விழுந்தா ஒரு சத்தம் குடு."

கலர் என்ன

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் மும்தாஜ். என் வயசுக்காரி. அவள் வீட்டுக்காரர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அதனால் கதையில் யார் வந்தாலும் முதலில் உடுப்பைத்தான் கேட்பாள். "அந்தப் பிள்ள என்ன கலரு உடுத்தியிருந்துச்சு?" நான் ஆரம்பத்தில் சும்மா ஒரு கலரை அடித்துவிட்டேன். மறுவாரம் வேறொரு கலரைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் உண்மையை ஒப்புக்கொண்டேன். "மும்தாஜு, இதுல கலரே கிடையாது. முழுக்கக் கறுப்பு வெள்ளைதான்." காலையிலிருந்து சாயங்காலம் வரை பச்சையில் எத்தனை பச்சை என்று பார்த்துப் பிரிக்கிற மற்ற ஏழு பேருக்கும் கை நின்றுபோனது. ஏதோ நான் அவர்களை ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்தார்கள். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. மும்தாஜ்தான் பேசினாள். "கலரே தெரியாத சரக்க நம்பி எப்படிடி இத்தன நாளா நீ அழுதுக்கிட்டிருந்த?"

நட்சத்திரம் தெரியாத பையன்

அதே வாலிபால் கதையில் பையனுக்கு முட்டி விலகிவிட்டது. டாக்டர் இனி ஆடவே கூடாது என்கிறார். அந்த இடத்தில் வால்யூம் முடிகிறது. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும். "இனி வந்தாத்தான் தெரியும்" என்று நான் கையை விரித்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாண்டியம்மாக்கா நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, ஒரு இலைத் துண்டில் குங்குமத்தை மேஜையில் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டோம். அந்தப் பையன் முட்டிக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தாளாம். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மும்தாஜ் புரையேறித் தண்ணீர் குடிக்க ஓடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொல்கிற கதை ஒருத்தியைக் கோயில் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறதே என்றுதான் நினைத்தேனே தவிர, இவள் கதையைக் கதையாகக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அவள் மட்டும் சிரிக்கவே இல்லை. "பூசாரி பேரு கேட்டாரு, சொன்னேன். நட்சத்திரம் கேட்டாரு, அது ஜப்பான்ல வச்சிருக்காகன்னுட்டேன்."

பினுவோடு ஐந்து நிமிஷம்

நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த, நிஜமாகவே மங்கா படிக்கிற ஒரே ஆள் பினு. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டுகிறவன். வாரம் ரெண்டு தடவை காய் லோடு கொண்டுவருவான். மேலே அவனுக்கு டவர் கிடைக்காது. எங்கள் கிட்டங்கி வாசலில் நின்றுதான் அந்த வாரத்துக்குத் தேவையானதை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்வான். ஒருநாள் கூடையில் கிடந்த என் போனின் முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆருடே போனு?" என்று சத்தம் போட்டான். காட்டில் தொலைந்தவனுக்கு ஆள் சத்தம் கேட்ட மாதிரி ஓடினேன்.

மூட்டை இறக்குகிற ஐந்து நிமிஷம்தான் எங்களுக்கு. அவனுக்குச் சண்டை வேண்டும், எனக்குச் சண்டை முடிந்து சாப்பிடுகிற இடம் வேண்டும். "எட்டு வால்யூமா அடிச்சுக்கிறானுங்க, ஒருத்தன் குளிச்சானா?" என்பேன். "சேச்சிக்கு ரசனை இல்லா" என்பான். அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் யாரோடும் போட்டதில்லை. ஆனால் சூப்பர்வைசர் முருகேசண்ணன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கல்யாணமான பொம்பளையும் மலையாளத்துப் பையனும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னத்தைச் சொல்லி விளங்கவைக்க? அவர் நல்ல மனுஷன். அவரே ஒரு வழியும் சொன்னார்: "பேசுறத நிறுத்த வேணாம்த்தா, கத்திப் பேசுங்க. மெல்லப் பேசினாத்தான் ஊருக்குக் காது நீளுது."

செத்தவன் வந்தான்

ஒரே நேரத்தில் ஆறு தொடர் படித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு மழைநாளில் ஒரு கதையின் வாத்தியாரை இன்னொரு கதைக்குள் நடக்க விட்டுவிட்டேன். எனக்கே தெரியவில்லை. அவர் பாட்டுக்கு வந்து பையனுக்குப் புத்தி சொல்லி, ரெண்டு பேரும் ரயிலேறப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதியிலேயே எல்லோரும் என்னை முறைத்தார்கள். அந்தக் கதையின் சொந்த வாத்தியாரை நான்தான் போன வாரம் கொன்றிருந்தேன். அதற்காக எல்லோரும் ஒருபாடு மூக்கைச் சிந்தியிருந்தார்கள்.

சமாளித்தேன். அண்ணன் தம்பி, ரெட்டைப் பிள்ளை என்று ஏதேதோ புளுகினேன். அவர்களும் பாவம் நம்பினார்கள். அன்றைக்குத்தான் ஒரு கெட்ட பழக்கம் எனக்குள் முளைத்தது. கதையில் இல்லாததை நான் சொருகினாலும் இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கோபப்பட மாட்டார்கள். சொந்தச் சரக்கு போணியாகிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? மும்தாஜுக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. "செத்தவன எழுப்பி ரயிலேத்திட்ட, சரி. அவனுக்காக நான் ஒருநாள் சோறு திங்காமக் கெடந்தேனே, அத யாரு குடுப்பா?"

அக்காக்காரியும் தம்பிக்காரனும்

போன வருஷம் பருவத்துக் காய் வர ஆரம்பித்தபோது புதுசாக ஒரு தொடர் எடுத்தேன். சத்தமே போடாத கதை. ஜப்பானில் சின்ன ஊர். ஒரு அக்காவும் தம்பியும். அப்பா நூடுல்ஸ் கடை வைத்திருந்து செத்துப்போகிறார். கடையை விற்கலாம் என்கிறான் தம்பி, கூடாது என்கிறாள் அக்கா. பேச்சு முறிகிறது. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். சந்தையில் எதிர்ப்பட்டால் ஒருத்தர் மீனைப் பார்ப்பார், ஒருத்தர் கீரையைப் பார்ப்பார். பெயர்கள் மேஜையில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. அதனால் அக்காக்காரி, தம்பிக்காரன் என்றே வைத்துக்கொண்டோம்.

மூணாம் நாள் பாண்டியம்மாக்காவின் கை நின்றது. எனக்கு விஷயம் தெரியும், மேஜைக்கே தெரியும். அவள் தம்பியும் ராசிங்காபுரத்தில்தான் இருக்கிறார், ரெண்டு தெரு தள்ளி. அப்பன் செத்தபிறகு கிணற்றுத் தோட்டத்தைத் தன் பேருக்கு எழுதக் கையெழுத்துக் கேட்டு, தான் வராமல் இன்னொருத்தரிடம் பத்திரத்தைக் கொடுத்தனுப்பினார். "நேர்ல வந்து அக்கான்னு நின்னிருந்தா கண்ண மூடிட்டுப் போட்டுக் குடுத்திருப்பேன், ஆள் விட்டான்ல" என்பது அவள் பக்கம். அக்கா கையெழுத்துப் போடவில்லை என்பது அவர் பக்கம். அவள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறியது. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

ஜாடையாகக் குத்திவிட்டோமோ என்று பயந்து, "வேணாம்க்கா, வேற கதை சொல்றேன்" என்றேன். அவள் விடவில்லை. "இதையே சொல்லு. அக்காக்காரி எறங்கிப் போறாளா, இல்ல வீம்பு புடிச்சே சாகுறாளான்னு பாப்போம். அவ போனா நானும் போறேன், இது சத்தியம்."

ரெண்டே பக்கம்

நாலு மாசம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்கும்போது, கடைசி அத்தியாயம் வந்தது. அதன் கடைசி ரெண்டு பக்கத்தை உங்களிடம் எப்படிச் சொல்ல? முதல் பக்கத்தில் அக்காக்காரி தம்பி வீட்டு வாசலில் நிற்கிறாள். கையைத் தூக்குகிறாள், தட்டவில்லை. அடுத்த பக்கத்தில் கதவு தானாகத் திறக்கிறது. தம்பி குப்பைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான். அவளைப் பார்க்கிறான். பையைக் கீழே வைத்துவிட்டு, ஒதுங்கி வழி விடுகிறான். கடைசிக் கட்டத்தில் வாசலில் ரெண்டு ஜோடிச் செருப்பு. ஒரு வார்த்தை கிடையாது. கதை முடிந்தது. நான் பிள்ளைகள் முழித்துவிடாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை பினு வந்தான். அவனும் படித்துவிட்டான். சண்டையே இல்லாத கதையை இவன் எங்கே ரசித்திருக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஜீப்பை ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டிவிட்டு, பின்னால் வந்தவன் ஆரனை அமுக்கி அமுக்கித் திட்டியும் நகராமல் உட்கார்ந்திருந்தானாம். நான் அதைச் சாயங்காலமே மேஜையில் சொல்லப் போகிறேன் என்றேன். அவன் முகம் ஒருமாதிரி ஆனது. "சேச்சி, அதுல வார்த்தை இல்லா, கேட்டோ? அப்படியே சொல்லு, ஒண்ணும் சேக்க வேண்டா."

கதவுக்கிட்ட விட்டுறாத

அப்படியே சொல்லவில்லை. அதுதான் என் தப்பு. அதை இதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை.

வார்த்தையே இல்லாத பக்கத்தை வாயால் எப்படிச் சொல்ல? "போனா, அவன் கதவத் தொறந்தான், உள்ள போயிட்டா" என்றால் மூணு மூச்சில் முடிந்தது. நாலு மாசம் காத்திருந்தவர்களுக்கு இது எப்படிக் காணும் என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்கப்புறம் சொல்ல என் கையில் நல்ல கதை எதுவும் இல்லை. அந்த நாலு மாசத்தில் அடுத்த மேஜைக்காரிகள்கூட மணையை இழுத்துப்போட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தால் முதல் டம்ளர் எனக்குத்தான் வரும். அதை விட மனசு வரவில்லை. கிட்டங்கியில் அப்போது லோடு மேல் லோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தால் கை எல்லாம் தானாக ஓடும். முருகேசண்ணனும் அதைக் கண்டுகொண்டார்.

ஆக, அக்காக்காரியை வீட்டை விட்டுக் கிளப்பினேன், ஆனால் போய்ச் சேரவிடவில்லை. ரெண்டு தெருவுக்கு நடுவில் இல்லாத ஒரு ஆற்றை ஓடவிட்டு, அதில் வெள்ளம் வரவைத்துப் பாலத்தை உடைத்தேன். அவளுக்குக் காய்ச்சல் கொடுத்தேன். தம்பி பெண்டாட்டியை வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்க வைத்தேன். மூலக்கதையில் தம்பிக்குப் பெண்டாட்டியே கிடையாது. காலையில் பஸ்சை விட்டு இறங்கி வந்ததும் பாண்டியம்மாக்கா கேட்பாள், "இன்னைக்காச்சும் போயிருவாளா?" நானும் "ரெண்டு நாள் பொறுங்கக்கா" என்பேன். ரெண்டாவது வாரம் அவள் மும்தாஜ் கடையில் நல்ல கரை போட்ட வேட்டியும் துண்டும் எடுத்து, அங்கேயே வைத்திருக்கச் சொன்னாள். "அவ போற அன்னைக்கு வாங்கிக்கிறேன், வெறுங்கையோட போகக் கூடாதுல்ல" என்றாளாம். மும்தாஜ் என் காதில் இதைப் போட்டாள். போட்டும் நான் பாலத்தைக் கட்டவில்லை. இன்னும் நாலு நாள்தானே, கடைசியில் சேரத்தானே போகிறார்கள், அதுவரை கொஞ்சம் தவித்தால் முடிவு இன்னும் ருசிக்குமே என்று நினைத்தேன். முருகேசண்ணன் எடையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சுமதி, இந்த லோடு முடியிற வரைக்கும் அந்தப் பொம்பளையக் கதவுக்கிட்ட விட்டுறாத."

ராசிங்காபுரம்

மூணாவது வாரம் வியாழக்கிழமை. பத்தரை மணி டீ இன்னும் வரவில்லை. ஆபீஸ் போனுக்குச் செய்தி வந்தது. முருகேசண்ணன் வந்து பாண்டியம்மாக்கா பக்கத்தில் குனிந்து சொன்னார். தோட்டத்தில் மோட்டார் ரூம் வாசலில் அவள் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். அவள் சொளகில் இருந்த காயைக் குவியலில் கொட்டிவிட்டு எழுந்தாள். பிரித்த காயும் பிரிக்காத காயும் ஒன்றாகிப் போனது.

மும்தாஜ் கடைக்கு ஓடி அந்த வேட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கூடப்பிறந்தவள் கோடித்துணி போட வேண்டுமே. வேறு வாங்கலாம் என்று நான் சொன்னேன். பாண்டியம்மாக்கா கேட்கவில்லை, அதையே நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள். ராசிங்காபுரம் போய்ச் சேரும்வரை ஆட்டோவில் நான் அவளை நேராகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

தெருவில் கூட்டம் விலகி வழி விட்டது. ஒன்பது வருஷம் மிதிக்காத வாசல். அவள் படியேறும்போது கால் தடுமாறியது, நான் பிடித்துக்கொண்டேன். வேட்டியைத் தம்பி மேல் போர்த்தினாள். கரையை இழுத்து இழுத்துச் சரிபண்ணினாள். அப்போதுதான் வாய் விட்டு அழுதாள். செத்தவர் பெண்டாட்டி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் சொந்தமாகச் சொருகின தம்பி பெண்டாட்டி வாசலில் நாலு கேள்வி கேட்டாள். இந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "என்னைக்காச்சும் வருவீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு மதினி, இப்படியா வந்து நிப்பீக!"

டீ நேரம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை பாண்டியம்மாக்கா வேலைக்கு வந்துவிட்டாள். அவள் இல்லாத நாளில் நான் ஒரு கதையும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்குக் காலையில் மேஜையில் காய் உருளுகிற சத்தம் மட்டும்தான்.

டீ நேரத்தில் வாசல் பக்கம் போய் நின்றேன். அவளும் டம்ளரோடு வந்தாள். "என்னத்தா, அவ போனாளா, இல்லையா?" என்றாள், சாதாரணமாக, பஸ்சு வந்ததா என்று கேட்கிற மாதிரி. பொய் சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பொய் எத்தனை சுலபமாக வருகிறது என்று எனக்கே பயமாகிப் போனது. "போயிட்டாக்கா. நீங்க வேட்டி எடுத்து வச்சீகளே, அதுக்கு முந்துன வாரமே போயிட்டா. நான்தான் சொல்லல. பாலம், வெள்ளம் எல்லாம் நானா விட்டது. மன்னிச்சிருங்கக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நான் சொல்லியிருந்தால் இவள் கண்டிப்பாகப் போயிருப்பாளா என்று யாரால் சொல்ல முடியும்? வீம்பு பெரிசு, இன்னும் நாலு நாள் போகட்டும் என்று அவளே தள்ளியிருக்கலாம். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் நெஞ்சு கேட்க மாட்டேன் என்கிறது. ஒன்பது வருஷம் வீணானது அவர்கள் ரெண்டு பேராலும்தான். அந்தக் கடைசி மூணு வாரம் மட்டும் என்னால்.

கூடையிலிருந்து போனை எடுத்து அந்த ரெண்டு பக்கத்தையும் திறந்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் முதலில், எது அப்புறம் என்று விரலால் காட்டினேன். "கையில என்ன வச்சிருக்கான்?" என்று கேட்டாள். குப்பைப் பை என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். டீ ஆறிப்போனது. அப்புறம் போனைத் துடைத்து என் கையில் வைத்தாள். "அவ கதவத் தட்டக்கூட இல்லையேடி. இதச் சொல்லவா ஒனக்கு மூணு வாரம் ஆச்சு?"

இப்போதெல்லாம் எந்தக் கதையை எடுத்தாலும் முடிவை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், மங்கா ரசிகர்கள் நீங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் சரி.